சீட்டு மேசையில் ஒரு விடுமுறை நாள்

உழைத்துக் களைத்தவர் தம் ஓய்வு நாளை எவ்வாறு கழிக்கிறார் என்பது பெரும்பாலும் அவர் வாழும் ஊரைப் பொறுத்தது. கடலோர ஊரினர் மணற்பரப்பை நாடுவர். மலையடிவாரத்தில் வாழ்பவர் அருவிக்குச் செல்வர். அமெரிக்க நாட்டின் நெவாடா மாநிலத்தில், பாலைவனத்தின் நடுவே, லாஸ் வேகாஸ் என்னும் நகரம் இருக்கிறது. பிறருடைய ஓய்வு நாளே அந்நகரத்தின் தொழில். 1931ஆம் ஆண்டில் நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டப்படி அனுமதித்தது. அதன் பின்னர் அங்கே காசினோ எனப்படும் சூதாட்ட மாளிகைகள் பெருகின. அவற்றைச் சார்ந்து உணவு விடுதிகளும் நாடக அரங்குகளும் வளர்ந்தன.

இத்தகைய நகரத்தில் வேலை செய்வோருக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைப்பது அரிது. விடுதிச் சமையற்காரரும் மருத்துவமனைத் தாதியரும் வாடகைக் கார் ஓட்டுநரும் செவ்வாயோ புதனோ ஓய்வு பெறுவர். அவர்களிற் சிலரும், வெளியூரிலிருந்து வந்த பயணிகள் சிலரும், காசினோவில் நாள்தோறும் நடைபெறும் போக்கர் சீட்டுப் போட்டியில் கலந்துகொண்டு அந்நாளைக் கழிக்கிறார்கள். இருபத்தொரு வயது நிரம்பியவர் மட்டுமே அங்கு ஆடலாம் என்பது அம்மாநிலச் சட்டம்.

காலை பதினொரு மணிக்கு அமர்ந்து மாலைவரை ஆடும் அவர்கள், கொடுத்த பணத்துக்குப் பெறுவது என்ன? அது விளையாட்டா, சூதா? வென்றவரின் வெற்றி அவருடைய திறமையைக் காட்டுகிறதா? இவ்வினாக்களுக்கு அறநூல்கள் விடை கூறியிருக்கின்றன. இன்று நாம் கணக்கு நூலின் துணைகொண்டு விடை காண முயல்வோம்.

காசினோவில் உள்ள பிற ஆட்டங்களிலிருந்து போக்கர் எவ்வாறு வேறுபடுகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். ரூலெட் என்னும் சுழல் சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கச் சக்கரத்தில் 38 குழிகள் உள்ளன. அவற்றில் 18 சிவப்பு, 18 கறுப்பு, எஞ்சிய இரண்டும் பச்சை. சிவப்பில் ஒரு டாலர் வைத்து வென்றால் மேலும் ஒரு டாலர் கிடைக்கும். ஆனால் வெல்லும் வாய்ப்பு 38இல் 18 மட்டுமே. தோற்கும் வாய்ப்பு 38இல் 20. ஆகவே பன்னெடுங்காலம் ஆடினால், வைத்த பணத்தில் நூற்றுக்கு ஐந்து பங்குக்குச் சற்று மேலாக மாளிகைக்குப் போய்ச் சேரும். எவ்வளவு அறிவுடையவராயினும் இக்கணக்கை மாற்ற இயலாது. ஏனெனில் அங்கே ஆட்டக்காரருக்கு எதிரி மாளிகையே.

போக்கரிலோ மாளிகை பந்தயம் கட்டுவதில்லை. ஆட்டக்காரர் ஒருவரோடொருவர் மோதுகின்றனர். மாளிகை மேசையும் சீட்டும், சீட்டுப் பகிர்ந்தளிக்கும் ஊழியரையும் தந்து, அதற்கெனக் கட்டணம் பெற்றுக்கொள்கிறது. ஆகவே எதிரிகளைவிடத் திறமை மிக்க ஒருவர், அக்கட்டணத்தையும் ஈடுசெய்து, நெடுநாளில் ஆதாயம் காண்பதற்கு வழி உண்டு. வழி உண்டு என்பதுதான் உண்மை. அது எளிது என்பதன்று.

இனி ஆட்டத்தின் முறையைக் காண்போம். இன்று பெருவழக்கில் உள்ளது டெக்ஸாஸ் ஹோல்டெம் என்னும் வகை. 52 சீட்டுகளும் கலைக்கப்பட்டு, ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். பின்னர் மேசை நடுவில் அனைவர்க்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள் திறந்து வைக்கப்படும். முதலில் மூன்று, பின்பு ஒன்று, பின்பு மற்றொன்று. கையிலுள்ள இரண்டும் பொதுவிலுள்ள ஐந்தும் ஆகிய ஏழில், சிறந்த ஐந்தைக் கொண்டு அமைவதே ஒருவருடைய கை. மறைசீட்டு கிடைத்தவுடனும், பொதுச் சீட்டுகள் திறக்கப்படும் ஒவ்வொரு கட்டத்திலும், ஆக நான்கு முறை பந்தயம் கட்டலாம், உயர்த்தலாம், ஆட்டத்தினின்று விலகவும் செய்யலாம். எல்லாரும் விலகிவிட்டால் எஞ்சிய ஒருவர் தம் சீட்டைக் காட்டாமலே பந்தயம் அனைத்தையும் எடுத்துக்கொள்வார். வலுவற்ற கையை வலுவுள்ளதுபோற் காட்டும் பாசாங்குக்கு இடம் வந்தது இதனாலேயே. அப்பாசாங்கை வெறும் தந்திரம் என்று எண்ணிவிட வேண்டா. எப்போது, எத்தனை முறைக்கு ஒரு முறை பாசாங்கு செய்வது தகும் என்பதற்கும் கணக்கு உண்டு. கணித மேதை ஜான் வான் நியூமன், பொருளியலறிஞர் ஆஸ்கார் மார்கன்ஸ்டெர்னுடன் சேர்ந்து 1944ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆட்டக் கோட்பாட்டு நூலில் போக்கரின் பாசாங்கையும் ஆராய்ந்துள்ளார்.

பணத்தை நேரே வைத்து ஆடும் மேசைக்கும் போட்டிக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. போட்டியில் நுழைவுக் கட்டணம் ஒன்றே பணம். அதைச் செலுத்தியவருக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் வண்ண வில்லைகள் வழங்கப்படும். அவ்வில்லைகளின்மேல் ஆயிரம், ஐயாயிரம் என்று பொறித்திருந்தாலும், அவற்றைக் கொடுத்து ஒரு கோப்பைக் காப்பியும் வாங்க இயலாது. அவை அப்போட்டிக்குள் மட்டுமே செல்லும். வில்லைகள் அனைத்தையும் இழந்தவர் எழுந்து செல்ல வேண்டும். இறுதியில் அனைவருடைய வில்லைகளையும் வென்றவருக்கு முதற்பரிசு. கடைசியாக வெளியேறிய சிலருக்குப் படிப்படியாகச் சிறு பரிசுகள்.

இம்முறை புகழ்பெற்ற வரலாறு சுவையானது. 1970ஆம் ஆண்டில் லாஸ் வேகாஸ் நகரில் ஹார்ஸ்ஷூ என்னும் காசினோவில் உலகப் போக்கர் தொடர் தொடங்கிற்று. முதலாண்டில் வெற்றியாளர் வாக்கெடுப்பினால் தேர்ந்தெடுக்கப்பட்டார். கூடியிருந்த ஆட்டக்காரர்கள் ஜானி மாஸ் என்பவரைத் தம்முள் சிறந்தவராக ஏற்றனர். அடுத்த ஆண்டு, தோற்றவர் வெளியேற ஒருவர் மட்டும் எஞ்சும்வரை ஆடும் முறை வந்தது. அப்போதும் ஜானி மாஸே வென்றார்.

வாக்கெடுப்பில் தேறியவரே ஆட்டத்திலும் தேறினார் என்பது திறமை உண்டு என்பதற்குச் சான்று போலத் தோன்றும். ஆயின் அன்று ஆடியவர்கள் மிகச் சிலர். நூற்றுவர் கூடும் விடுமுறை நாள் போட்டியில் நிலைமை வேறு.

அவ்வாறான ஒரு போட்டியை உதாரணமாக அமைத்துக்கொள்வோம். நுழைவுக் கட்டணம் 150 டாலர். வந்தவர் 100 பேர். 150இல் 120 டாலர் பரிசுத் தொகையில் சேரும். 30 டாலர் மாளிகைக்கும் ஊழியர்க்கும் போகும். மொத்தம் திரண்ட 15,000 டாலரில் பரிசுக்குரியது 12,000. மாளிகை எடுத்துக்கொள்வது 3,000. பரிசு பெறுவோர் பன்னிருவர். முதற்பரிசு 3,200 டாலர்; பன்னிரண்டாம் பரிசு 300 டாலர். மற்ற 88 பேரும் வெறுங்கையுடன் திரும்புவர்.

இக்கணக்கை ஊன்றிக் கவனியுங்கள். எல்லாரும் சம திறமை உடையவர் எனில், ஒருவர் சராசரியாகத் திரும்பப் பெறுவது 120 டாலர், கொடுத்ததோ 150. ஆக, ஒரு நாள் ஆட்டத்தின் சராசரி விலை 30 டாலர். இந்த 30 டாலரையும் ஈடுசெய்து, இழப்பின்றித் திரும்ப வேண்டுமாயின், சராசரி ஆட்டக்காரரைவிடக் கால் பங்கு மிகுதியாகப் பரிசு பெற வேண்டும். மற்றவரினும் சிறிது சிறந்தவர் என்றால் போதாது. நன்றாகவே சிறந்தவராக இருத்தல் வேண்டும். பெரும் போட்டிகளில் மாளிகையின் பங்கு இவ்வளவு மிகுதியன்று. சிறு கட்டணப் போட்டிகளில்தான் இச்சுமை பெரிதாகிறது.

அடுத்து, காலத்தின் நெருக்கடி. ஒவ்வொரு கை தொடங்கும்போதும் இருவர் முறைப்படி கட்டாயப் பந்தயம் வைக்க வேண்டும். தொடக்கத்தில் ஒருவரிடம் 15,000 வில்லை மதிப்பு உள்ளது. பெரிய கட்டாயப் பந்தயம் 200 என்க. கையிருப்பு அதனைப் போல் 75 மடங்கு. ஓய்வு நாள் போட்டி ஒரே நாளில் முடிய வேண்டுமாதலால், இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இப்பந்தயம் உயர்ந்துகொண்டே போகும். நான்கு மணி நேரத்துக்குப் பின் அது 3,000 ஆகி, எஞ்சியவர் 25 பேர் எனில், சராசரிக் கையிருப்பு 60,000. அதாவது 20 மடங்கே. காலையில் நல்ல சீட்டுக்காகப் பொறுத்திருக்க இடமிருந்தது. மாலையில் அது இல்லை. பொறுத்திருப்பவரைக் கட்டாயப் பந்தயமே தின்றுவிடும். ஆகவே நடுத்தரமான சீட்டுடன் வில்லைகள் அனைத்தையும் முன்தள்ளிவிட்டுக் காத்திருக்க நேரும். திறமையின் பங்கு குறைந்து அதிர்ஷ்டத்தின் பங்கு வளரும் நேரம் அது.

நல்ல சீட்டுக்காகக் காத்திருத்தல் எவ்வளவு நீண்டது என்பதையும் அறிவோம். 52 சீட்டுகளில் இரண்டை எடுக்கும் வழிகள் 1,326. அவற்றுள் இரண்டு ஏஸ் வரும் வழிகள் 6. எனவே மிகச் சிறந்த அத்தொடக்கம் 221 கைகளுக்கு ஒரு முறையே சராசரியாக வரும். மணிக்கு 30 கை வீதம் ஆறு மணி நேரம் ஆடினால் 180 கைகள். அவ்வாறு ஆடும் நூறு நாட்களில் ஏறக்குறைய 44 நாட்களில் அந்த ஏஸ் இரட்டையை ஆட்டக்காரர் கண்ணாலும் காணமாட்டார்.

கண்டாலும் வெற்றி உறுதியா? ஒருவரிடம் இரண்டு ஏஸ். எதிரியிடம் இரண்டு ராஜா. இருவரும் வில்லை அனைத்தையும் வைத்துவிட்டனர். ஏஸ் வைத்திருப்பவர் நூற்றுக்கு 82 முறை வெல்வார். 18 முறை தோற்பார். ஒரு மோதலைப் பொறுத்தவரை இது மிகச் சிறந்த நிலை. ஆனால் போட்டியில் ஒருமுறை வென்றாற் போதாது. தோற்றால் வெளியேற வேண்டிய இத்தகைய மோதல் ஐந்தில் ஒருவர் தொடர்ந்து பிழைக்க வேண்டும் என வைத்துக்கொள்வோம். 82 விழுக்காட்டை ஐந்து முறை பெருக்கிப் பாருங்கள். விடை 37 விழுக்காடுதான். ஐந்து முறையும் சரியாக முடிவு செய்து, ஐந்து முறையும் எதிரியைவிட மிக நல்ல நிலையிலேயே இருந்த ஒருவர், மூன்றில் இரண்டு முறைக்குச் சற்றுக் குறைவாக வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். அவர் செய்த தவறு யாதும் இல்லை.

இங்கிருந்துதான் இன்றைய பேச்சின் மையக் கருத்து பிறக்கிறது. சரியான முடிவு வேறு. நல்ல விளைவு வேறு. ஒரு நாள் ஆட்டத்தில் நாம் காண்பது விளைவை மட்டுமே. முடிவு சரியா தவறா என்பதை அவ்விளைவு நமக்குச் சொல்வதில்லை.

நம் உதாரணப் போட்டிக்கே மீள்வோம். சராசரி ஆட்டக்காரர் பரிசு பெறும் வாய்ப்பு நூற்றுக்கு 12. அவரைப் போல் இரு மடங்கு வாய்ப்புடைய வல்லுநர் ஒருவர் நூற்றுக்கு 24 முறை பெறுவார் என்க. அவ்வல்லுநர் பத்து ஓய்வு நாள் ஆடி ஒரு பரிசும் பெறாமற் போகும் வாய்ப்பு நூற்றுக்கு 6. சராசரி ஆட்டக்காரர்க்கு அது 28. மறுபுறம், சராசரியிற் பாதி வாய்ப்பே உடைய பயிற்சியற்றவர் நூறு பேர் முதன்முறை ஆடினால், அவருள் ஆறு பேர் அன்றே பரிசுடன் திரும்புவர். அந்த ஆறு பேரிடமும் சென்று, உங்கள் வெற்றி தற்செயல் என்று கூறினால் நம்புவார்களா? தங்கள் கூர்மையான கணிப்பை அவர்கள் விரித்துரைப்பார்கள். அடுத்த வாரம் கட்டணம் கூடிய போட்டிக்குச் செல்வார்கள்.

இதனை உங்கள் வகுப்பிலேயே சோதிக்கலாம். நாற்பது மாணவர் ஆளுக்கு ஐந்து முறை நாணயம் சுண்டட்டும். ஐந்து முறையும் தலையே விழுவது 32இல் ஒரு வாய்ப்பு. ஆகவே நாற்பது பேரில் ஒருவருக்கேனும் அவ்வாறு விழக்கூடும். அம்மாணவனைத் தலை விழவைக்கும் வல்லவன் என்று எவரும் கொண்டாடுவதில்லை. நாணயத்தில் திறமைக்கு இடமில்லை என்பது நமக்குத் தெரியும். போக்கரில் திறமைக்கு இடம் உண்டு. அதனாலேயே அதிர்ஷ்டம் திறமையின் உடையை அணிந்துகொண்டு வருவது எளிதாகிறது.

அப்படியாயின் திறமையை எவ்வாறு அளப்பது? 2019ஆம் ஆண்டில் புளூரிபஸ் என்னும் கணினி நிரல், அறுவர் ஆடும் ஹோல்டெம் ஆட்டத்தில் தலைசிறந்த தொழில்முறை ஆட்டக்காரரோடு மோதிற்று. ஐந்து வல்லுநரும் கணினியும் ஒரே மேசையில் பன்னிரண்டு நாட்கள் 10,000 கைகள் ஆடினர். கணினியே மேம்பட்டு நின்றது. அத்தனை கைகள் ஆடிய பின்னும், முடிவில் கலந்திருக்கும் அதிர்ஷ்டத்தின் பங்கைக் குறைத்துக் காட்டும் தனிக் கணித முறை ஒன்றை ஆய்வாளர் கையாண்டனர். நம் விடுமுறை ஆட்டக்காரர் ஒரு நாளில் காணும் கைகள் 180. அவர் 10,000 கைகளைக் காண 56 ஓய்வு நாட்கள் வேண்டும். ஆகவே, நேற்று வென்றேன், எனவே நான் வல்லவன் என்பதும், நேற்றுத் தோற்றேன், எனவே நான் தகுதியற்றவன் என்பதும் ஒருங்கே பிழையான வாதங்கள்.

ஒரே ஒரு வெற்றி உலகத்தின் எண்ணத்தையே மாற்றிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2003ஆம் ஆண்டில் டென்னஸீ மாநிலத்துக் கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர் என்பவர், நூறு டாலருக்கும் குறைந்த கட்டணமுள்ள இணையத் தகுதிப் போட்டியில் நுழைந்து, 10,000 டாலர் கட்டணமுள்ள உலகத் தொடரின் முதன்மைப் போட்டிக்கு இடம் பெற்றார். அதில் 839 பேரை உள்ளடக்கிய கூட்டத்தில் இறுதிவரை நின்று 25 லட்சம் டாலர் பரிசு வென்றார். மறு ஆண்டு அப்போட்டிக்கு வந்தவர் 2,576 பேர். 2006இல் 8,773 பேர். 2023இல் பதினாயிரத்தையும் கடந்தனர். அவர் நன்றாக ஆடினார் என்பதில் ஐயமில்லை. எனினும் அவரைப் பார்த்துப் புறப்பட்ட ஆயிரக்கணக்கானோர் கண்ட உருவம் ஒன்றே. அதே தகுதிப் போட்டிகளில் சிறு கட்டணம் செலுத்தித் தோற்றவர்களின் பெயரை எந்தச் செய்தித்தாளும் அச்சிடவில்லை. வென்றவர் கண்ணுக்குத் தெரிவார், தோற்றவர் தெரியார். காட்சியில் இல்லாதவரையும் சேர்த்து எண்ணுவதே கணக்கறிந்தவர் செயல்.

மாலையில் நிகழும் ஒரு வழக்கத்தையும் கூற வேண்டும். மூவரோ நால்வரோ எஞ்சியிருக்கையில், கட்டாயப் பந்தயம் மிக உயர்ந்துவிட்டதால், இனி எல்லாம் தற்செயலே என்பதை அனைவரும் உணர்வர். மறுநாள் வேலைக்குச் செல்ல வேண்டியவரும் அவருள் இருப்பர். எனவே எஞ்சிய பரிசை அவரவர் வில்லை இருப்புக்கேற்பப் பகிர்ந்துகொள்ள உடன்படுவதுண்டு. இடையில் நிறுத்தப்பட்ட ஆட்டத்தின் பணத்தை எவ்வாறு பங்கிடுவது என்னும் இவ்வினாவே, 1654ஆம் ஆண்டில் பாஸ்கல், ஃபெர்மா என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவரும் கடிதம் வழியாக ஆராய்ந்தது. நிகழ்தகவுக் கணிதம் வளர்ந்தது அக்கடிதங்களிலிருந்தே.

பாஸ்கல் எடுத்துக்கொண்ட உதாரணம் இது: இருவர் ஆளுக்கு 32 பொற்காசு வைத்து, மூன்று ஆட்டம் முதலில் வெல்பவர்க்கே எல்லாம் என்று ஆடுகின்றனர். ஒருவர் இரண்டும் மற்றவர் ஒன்றும் வென்ற நிலையில் ஆட்டம் நின்றுவிட்டது. பாஸ்கல் கூறுவது: அடுத்த ஆட்டத்தில் முன்னிற்பவர் வென்றால் அவருக்கு 64, தோற்றாலும் இருவரும் சமமாவதால் 32 கிடைக்கும். ஆகவே 32 அவருக்கு எந்நிலையிலும் உறுதி. எஞ்சிய 32இல் இருவர்க்கும் சம வாய்ப்பு, பாதி 16. முன்னிற்பவர்க்கு 48; மற்றவர்க்கு 16. நடந்து முடிந்ததைக் கொண்டு பங்கிடாமல், இனி நடக்கக்கூடியதை எண்ணிப் பங்கிட்டதே இதன் சிறப்பு. சூதாடிகளின் ஐயத்திலிருந்து எழுந்த இக்கணிதம் இன்று காப்பீட்டுக்கும் மருந்துச் சோதனைக்கும் பயன்படுகிறது.

முடிவாக, ஓய்வு நாளைச் சீட்டு மேசையில் கழிப்பவருக்குக் கணக்கு கூறும் அறிவுரை யாது? 150 டாலரைத் திரும்ப வராத செலவாக எண்ணி, ஆறு மணி நேர இன்பத்துக்கு விலையாகக் கொடுப்பவர் எதையும் ஏமாறவில்லை. போட்டியின் நல்ல தன்மை, இழப்புக்கு எல்லை வகுத்திருப்பதே. ஆனால் அவ்வெல்லைச் சுவரில் ஒரு வாயில் உண்டு. தோற்று வெளியேறியவர் மீண்டும் கட்டணம் செலுத்தி நுழையலாம் என்னும் விதியே அது. இருமுறை மீள நுழைந்தால் 150 என்பது 450 ஆகிறது. அதுவும் போன பின், இழந்ததை மீட்கப் பணம் வைத்தாடும் மேசை பக்கத்திலேயே காத்திருக்கிறது. தோல்வியின் சினத்தில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் சரியான முடிவன்று. குடும்பத்தின் வாடகைப் பணமும் பிள்ளைகளின் பள்ளிப் பணமும் கரைந்த வீடுகளின் கதை அவ்வாயிலில்தான் தொடங்குகிறது.

இதற்கு எளிய காவல் ஒன்று உண்டு. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். சென்ற நாள், செலுத்திய கட்டணம், மீண்டும் நுழைந்த கட்டணம், வழிச்செலவு, பெற்ற பரிசு ஆகியவற்றை அன்றன்றே குறித்துவர வேண்டும். நினைவு பரிசு பெற்ற நாளைப் போற்றி வைக்கும். வெறுங்கையுடன் திரும்பிய ஏழு நாளை மறந்துவிடும். நோட்டு எதையும் மறப்பதில்லை. ஆண்டின் இறுதியில் கூட்டிப் பார்ப்பவருக்கு, தாம் வாங்கிய இன்பத்தின் விலை இன்னதென்று தெரிந்துவிடும். அந்த விலையைத் தெரிந்த பின்னும் மனமுவந்து கொடுப்பாரானால், அது அவருடைய விளையாட்டு. கூட்டிப் பார்க்க அஞ்சுவாரானால், அது சூது.